கயிறு யார் கையில்

பிஸ்கட் நன்றாக இருந்தது என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. நடுவில் க்ரீம் வைத்த பிஸ்கட். பாகுத் தொட்டி கழுவும் வேலை தொடங்குவதற்கு முன்னால், வருடத்துக்கு ஒரு தடவை, ஆலையின் சாப்பாட்டுக் கொட்டகையில் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுப் பாதுகாப்பு வகுப்பு நடத்துவார்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே மின்விசிறி கடகடவென்று ஓடும், காற்று மட்டும் வராது. பாதுகாப்பு ஆபீசர் திரையில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே போவார். தொட்டி கழுவுகிற ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்தபடியே தூங்குவார்கள். அதுவும் ஒரு தொழில் பழக்கம்தான்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி," என்றார் ஆபீசர். தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். கேள்வி முடிந்தால் பிஸ்கட். "தொட்டிக்குள்ள ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். மேல நிக்கிற நீங்க என்ன செய்வீங்க?"

"உள்ள இறங்க மாட்டோம் சார்!"

"வேற?"

"கயித்தை இழுப்போம் சார்! ஆளைக் கூப்பிடுவோம் சார்!"

ஆபீசரின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், நல்ல மனிதர். சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பினார். கையெழுத்து வாங்கினார்கள், பிஸ்கட் தட்டு கிளம்பியது. அது கடைசி பெஞ்சுக்கு வந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தவள் எடுக்கவில்லை.

"எல்லாரும் பொய் சொல்றாங்க சார்," என்றாள், முன் பெஞ்சுவரை கேட்கிற குரலில்.

"ஆரம்பிச்சிட்டாடா," என்று மேஸ்திரி தலையில் கை வைத்தார்.

அவளைக் கயிற்றுக்காரி என்பார்கள். அப்படித்தான் முன்பெல்லாம் சொன்னார்கள். முடிச்சுப் போடுவதிலும், போட்ட முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்ப்பதிலும் அந்தக் கூட்டத்தில் அவளை அடிக்க ஆள் இல்லை. போன வருடத்திலிருந்து அந்தப் பெயர் மாறிவிட்டது. இப்போது முதுகுக்குப் பின்னால் கல்நெஞ்சுக்காரி. மாமியாருக்கு மட்டும் அந்த மரியாதையெல்லாம் கிடையாது, முகத்துக்கு நேராகவே சொல்லுவாள்.

அந்தத் தொட்டிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பாகை அந்த ஆலையில் தரைக்குள் புதைத்த இரும்புத் தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மேலே வட்டமாக ஒரு வாய். உள்ளே ஏணி. இரண்டு ஆள் ஆழம். பாகைக் காலி செய்த பின் அடியில் கறுப்பாகக் கசடு மிஞ்சும். இறங்கிச் சுரண்டி வாளியில் அள்ள வேண்டும். அந்தக் கசடு புளித்துவிட்டால் உள்ளே இருக்கிற நல்ல காற்று போய்விடும். போனது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எப்போதும் வரும் இனிப்பும் புளிப்புமான வாசனைதான் அப்போதும் வரும். இறங்கியவன் இரண்டு மூச்சு இழுப்பான், முழங்கால் மடங்கும், அவ்வளவுதான்.

இறங்குகிறவன் இடுப்பில் கயிறு உண்டு. அதன் மறுமுனை யார் கையில் இருக்கும் என்பதில்தான் அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சொந்தக்காரன்தான் பிடிக்க வேண்டும். அண்ணனுக்குத் தம்பி, மாமனுக்கு மருமகன், ஆளே இல்லையென்றால் பெண்டாட்டி. கூலிக்குப் பிடிக்கிறவன் கண் அங்கே இங்கே மேயும், ரத்தம் பிடித்தால் கண் இமைக்காது என்று நம்பினார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவன் விழுந்தானோ இல்லையோ, ரத்தம் கயிற்றைப் போட்டுவிட்டுத் தானும் குதித்துவிடும். இரண்டு பேராகப் போன கதை அந்தக் கூட்டத்தில் எல்லா வீட்டிலும் ஒன்று இருந்தது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள். "அண்ணன் பின்னாடியே போனான்யா, அவன்தான்யா தம்பி," என்று. யாருக்கு வந்தது பெருமை? போனவனுக்கா, அவன் விட்டுப்போன பெண்டாட்டி பிள்ளைக்கா?

போன வருடம் உள்ளே இறங்கியவன் கயிற்றுக்காரியின் புருஷன். கயிறு அவள் கையில். வாளி விழுந்த சத்தம் கேட்டது, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கயிற்றை மணிக்கட்டில் சுற்றி அவள் இழுக்கத் தொடங்கியபோது பக்கத்துத் தொட்டியிலிருந்து கொழுந்தன் ஓடி வந்தான். வந்தவன் அண்ணே என்று அலறிக்கொண்டு ஒரு காலைத் தொட்டி வாய்க்குள் விட்டுவிட்டான். அவளுக்கு இரண்டு கையும் கயிற்றில். விட்டால் புருஷன் போவான், விடாவிட்டால் கொழுந்தன் போவான். வெளியே இருந்த அவனுடைய இன்னொரு காலை, ஆடுசதையில், பல் இறங்கும்படி கடித்தாள். அவன் வலி தாங்காமல் பின்பக்கமாக விழுந்தான். "இழுடா!" என்று கத்தினாள். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

புருஷன் மேலே வந்தான், உயிரோடு. ஆனால் முழுதாக வரவில்லை. பாதிப் பேச்சு உள்ளேயே தங்கிவிட்டது. கைக்குத் தெரிந்த வேலையெல்லாம் மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடத்தி, பிழைக்க வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். இறங்கியிருக்கலாமே.

இந்த வருடம் அவளுக்குக் கயிறு இல்லை. மாமியாரோடு, கரும்புச் சாறு வடிக்கிற வடிதுணிகளை அலசுகிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய தொட்டிக்குள் கொழுந்தன் இறங்குவான், கயிறு அவனுடைய தாய்மாமன் கையில் என்று மேஸ்திரி முடிவு செய்துவிட்டார். அதற்காகத்தான் அவள் அன்று வகுப்பில் வாயைத் திறந்தது.

"கயித்தை என்கிட்ட கொடுங்க மேஸ்திரி. மாமா வேண்டாம். மாமா குதிச்சிடுவார்."

தாய்மாமன் பிஸ்கட்டை மென்றபடியே திரும்பினார். "ஆமா, குதிப்பேன். அக்கா புள்ளைக்குக் குதிக்காம, யார் காலு கிடைக்கும் கடிக்கலாம்னு உக்காந்திருப்பேனா?"

கொட்டகையே சிரித்தது.

"இப்பத்தானே இறங்க மாட்டோம்னு கத்துனீங்க?"

"அது ஆபீசருக்குச் சொன்னது. இது நமக்குள்ள."

ஆபீசர் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. சுருட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் வீட்டில் அதே பேச்சு வேறு உருவத்தில் வந்தது. மாமியார் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஜன்னலோரம் கட்டிலில் புருஷன், மடியில் சட்டை.

"மகாராணிக்கு மறுபடியும் கயிறு வேணுமாமே," என்றாள் மாமியார், வெங்காயத்தைப் பார்த்து.

"வேணும் அத்தை."

"ஒருத்தனை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்தது பத்தாதா? மிச்சம் இருக்கிறது ஒண்ணு. அதையும் மேல நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

"வேடிக்கை பாத்தவ கையில இவ்வளவு தழும்பு இருக்காது." அவள் மணிக்கட்டை நீட்டினாள். கயிறு அறுத்த தடம் வளையல் மாதிரி சுற்றியிருந்தது.

"அன்னிக்கு நீ உடனே இறங்கியிருந்தா என் புள்ள முழுசாக் கிடைச்சிருப்பான்."

"நான் இறங்கியிருந்தா மூணு பொணம் அத்தை. முதல்ல உங்க பெரிய புள்ள, அடுத்து நான், அப்புறம் இதோ தட்டு முன்னாடி உக்காந்திருக்காரே, இவரு. நீங்க யாருக்கு வெங்காயம் நறுக்கிட்டு இருப்பீங்க இப்ப?"

"பாருடா, பேசற பேச்சை."

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோங்க. இறங்கணும்னு எனக்குத் தோணலைன்னு யாரு சொன்னா? என் காலு துடிச்சுது. ஒரு வருஷமா தூக்கத்துல நான் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். யாராவது கேட்டீங்களா?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது வெங்காயமாகவும் இருக்கலாம்.

கயிற்றுக்காரி கட்டில் பக்கம் போய்ப் புருஷன் எதிரே உட்கார்ந்தாள். சட்டை போடுவது அவனுடைய தினசரிப் பாடம். ஆரம்பத்தில் அவளே பொத்தான் போட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற அம்மா அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள். "நீங்க போட்டா உங்க கைதாம்மா பழகும். அவர் போடட்டும். தப்பாப் போட்டாலும் போடட்டும். தப்புன்னு அவர் கண்ணால பாத்து, அவர் கையாலயே கழட்டட்டும். அப்பத்தான் அது அவருக்கு வரும்."

"முதல் பொத்தான் எங்க போடணும்?" என்று கேட்டாள்.

"மேல... ஓட்டை," என்றான் அவன், சந்தோஷமாக. கை மூன்றாவது ஓட்டைக்குப் போனது.

"எங்க போடணும்னு சொன்னீங்க?"

"மேல ஓட்டை."

கை மறுபடியும் மூன்றாவதில். அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. கொட்டகையில் எல்லாரும் ஒரே குரலில் கத்தியது ஞாபகம் வந்தது. உள்ள இறங்க மாட்டோம் சார். வாய் எல்லாருக்கும் சரியாகத்தான் இருக்கிறது. கைக்கும் காலுக்கும் யாரும் பாடம் எடுக்கவில்லை.

அவன் சட்டையைக் கோணலாகப் போட்டு முடித்து, குனிந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றத் தொடங்கினான். அவன் கையைத் தொடாமல் அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நேராக ஆபீசர் அறைக்குப் போனாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்மா. நேத்து அவர் சொன்னது காதுல விழுந்துச்சு, சாப்பாடே இறங்கல. நீங்க ஒரு நாள் வந்து உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்களேன். எல்லாரும் கண் கலங்கிடுவாங்க."

"கலங்குவாங்க சார். மூக்கைச் சிந்திட்டு மறுநாள் குதிப்பாங்க. எங்க ஆளுங்களுக்கு அழறதுல குறையே கிடையாது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"குதிக்க விடுங்க."

அவர் விழித்தார். அவள் பொத்தான் கதையைச் சொன்னாள். புதிதாகக் கட்டி இன்னும் நீர் நிரப்பாத தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அதே வாய், அதே ஏணி. அதைக் கழுவும் வேலை என்று சொல்லிக் கொழுந்தனை இறக்குவோம், அவன் விழட்டும், யார் யார் என்ன செய்கிறார்கள் என்று அவர்களே பார்க்கட்டும் என்றாள்.

ஆபீசர் நெற்றியைத் தேய்த்தார். "பெரியவங்களுக்குச் செஞ்சு காட்டறதைவிட, செய்ய வைக்கணும்னு நானும் படிச்சிருக்கேன். படிச்சுட்டு வருஷா வருஷம் படம் காட்டறேன். யாராவது கால் உடைச்சுக்கிட்டா என் வேலை போயிடும்மா."

"தெரியும் சார்."

பிறகு ஆபீசரே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். தொட்டிக்குள் காற்றடிக்கும் விசிறி முந்தின நாளிலிருந்தே ஓட வேண்டும். காற்றை அவரே கருவி வைத்துப் பார்ப்பார். ஏணி அடியில் சாக்குகளை மெத்தை மாதிரி அடுக்க வேண்டும். ஆளைத் தூக்குவதற்கு, தொட்டி வாய்மேல் நிறுத்தும் மூன்று கால் முக்காலியும் கயிறு சுற்றும் கைச்சக்கரமும் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார், அதையும் கொண்டுவந்து நிறுத்துவார். அவள் யோசிக்காத சங்கதிகள் அவை. கயிற்றுக்காரிக்கு அவர்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

கொழுந்தனிடம் சொன்னபோது அவன் ஆடுசதையைத் தடவிக்கொண்டான். "விழறேன் அண்ணி. ஆனா மாமா என் மேலயே குதிச்சாருன்னா நெஜமாவே போயிடுவேன். கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கறேன்."

அடுத்த வாரம் ஒரு நாள், வெயில் ஏறுவதற்குள் முக்காலியை நிறுத்திவிட்டார்கள். புதுத் தொட்டி, சுத்தமான வேலை, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் குஷி. "சக்கரம் எல்லாம் எதுக்கு சார், நாங்க என்ன யானையா?" என்று ஒருவன் கேட்டான். தாய்மாமன் கயிற்றைக் கையில் வாங்கி, தங்கச்சங்கிலி வாங்கியவர் மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். கயிற்றுக்காரி வடிதுணிக் கூடையோடு வேலி ஓரம் நின்றாள். ஆபீசர் விசிறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்.

கொழுந்தன் இறங்கினான். சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு வாளி விழுந்த சத்தம், ஒரு முனகல், தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"டேய்!" என்றார் தாய்மாமன். "டேய் மாப்பிள்ளை!"

பதில் இல்லை. கயிறு அவர் கையிலிருந்து விழுந்ததை அவரே பார்த்திருக்க மாட்டார். இரண்டு எட்டில் ஏணியில் இறங்கிவிட்டார். "மாமா!" என்று கத்திக்கொண்டு அவர் மகளைக் கட்டிய மருமகன் பின்னால் போனான். மருமகனின் தம்பி அதற்கும் பின்னால். "யாரும் இறங்காதீங்கடா! அறிவிருக்கா! நில்லுங்கடா!" என்று அலறிக்கொண்டே வந்த மேஸ்திரி, அலறல் நிற்பதற்குள் தானும் இடுப்புவரை உள்ளே இருந்தார். போன வாரம் பிஸ்கட் தின்ற அதே ஆட்கள். ஒருவன் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டவர்கள்.

உள்ளே கொழுந்தன் சாக்குமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்த ஒவ்வொருவரிடமும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். "உஷ். நீ செத்துட்ட மாமா. அப்படி ஓரமா உக்காரு." அடுத்தவனிடமும் அதே. "நீயும்தான். தள்ளி உக்காரு, மேஸ்திரி வர்றாரு, இடம் பத்தாது." மேஸ்திரி சாக்கில் விழுந்து எழுந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

இதுவரை எல்லாம் கயிற்றுக்காரி நினைத்தபடி நடந்தது. இதற்கு மேல் நடந்தது அவள் கணக்கில் இல்லாதது. அலறல் அலசுகிற கொட்டகைவரை போய்விட்டது. ஈரக் கையோடு, தலைமுடி அவிழ, மாமியார் ஓடி வந்தாள். தொட்டி வாயை விட்டு அவள் கண் வேறெதையும் பார்க்கவில்லை. ஆபீசர் குறுக்கே வந்து ஏதோ சொன்னார், அவரைத் தள்ளிவிட்டாள். என் புள்ள என் புள்ள என்று ஏணியில் காலை வைத்துவிட்டாள்.

கயிற்றுக்காரி கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். மாமியாரின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தரையோடு படுத்துக்கொண்டாள்.

"விடுடி!"

"விட மாட்டேன்."

"விடுடி கொலைகாரி! என் புள்ள உள்ள கிடக்கான்!" மாமியார் உதைத்தாள். உதை தோளில் விழுந்தது, தாடையில் விழுந்தது. "கடிக்கிறியா? கடி! அன்னிக்குக் கடிச்சல்ல, கடிடி!"

"கடிப்பேன்! உள்ள இன்னொரு கால வெச்சீங்கன்னா கடிப்பேன் அத்தை!"

"அம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்லம்மா. இது... இது பாடம்மா."

மாமியார் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தனின் தலை வெளியே வந்ததும் அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, கயிற்றுக்காரியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அந்தச் சத்தத்தில் விசிறிச் சத்தம்கூடக் கொஞ்ச நேரம் கேட்காமல் போனது.

ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். வந்த வேகத்தில் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். விளையாடுகிற விஷயமா இது, பெற்ற வயிற்றை இப்படியா பற்ற வைப்பது, இவளை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்புங்கள். மேஸ்திரியின் சத்தம்தான் பெரிதாக இருந்தது. ஆபீசர் முன்னால் வந்தார். "நான்தான் அனுமதி கொடுத்தேன். கேக்கணும்னா என்னைக் கேளுங்க," என்றார். அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

கயிற்றுக்காரி கன்னத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அத்தை அடிச்சாங்க, சரி. பெத்தவங்க, அடிக்கட்டும். அத்தைகிட்ட நான் மன்னிப்பும் கேட்டுக்கறேன். மத்தவங்க யாருக்கு அடிக்கணும்? வாங்க. அடிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க." அவள் தரையைக் காட்டினாள். "கயிறு யாரு கையில?"

எல்லாரும் பார்த்தார்கள். கயிறு வெயிலில், மண்ணில், போட்ட இடத்தில் கிடந்தது. பக்கத்தில் முக்காலி நின்றது. கைச்சக்கரத்தை ஒருவன்கூடத் தொட்டிருக்கவில்லை.

"மாப்பிள்ளை விழுந்தாரு, மாமா போனீங்க. மாமாவுக்காக ரெண்டு பேரு போனீங்க. போகாதேன்னு சொல்லிக்கிட்டே மேஸ்திரி போனாரு. கடைசியா அத்தை. இது பாகுத் தொட்டியா இருந்தா இந்நேரம் இங்க பேச யாரு இருக்கா? நான் ஒருத்தி, ஆபீசர் சார் ஒருத்தர். கல்நெஞ்சுக்காரி கல்நெஞ்சுக்காரின்னு ஒரு வருஷமா சொன்னீங்களே, உங்க நெஞ்சு எல்லாம் வெண்ணெய். சரி. அந்த வெண்ணெய் யாரை மேல தூக்குச்சு?"

தாய்மாமன் மெல்லக் குனிந்து கயிற்றை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "நான் போட்டேனா இதை?" என்றார். "எனக்குத் தெரியவே இல்லையே. சத்தியமாத் தெரியவே இல்ல."

"தெரியாது மாமா. யாருக்கும் தெரியாது. காலு தானாப் போகும். அதுக்குத்தான் காலுக்குச் சொல்லிக் கொடுக்கணும்கிறேன்."

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க செத்துட்டீங்க மேஸ்திரி, ஓரமா உக்காருங்க," என்று ஒரு குரல் வந்தது. யாரோ சிரித்தார்கள். மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் யாரும் வகுப்பு எடுக்கவில்லை. சண்டைதான் போட்டார்கள். சொந்தக்காரன் பிடிக்காவிட்டால் வேறு எவன் அக்கறையாகப் பிடிப்பான் என்று ஒரு கட்சி. அக்கறைதான் கொல்கிறது என்று இன்னொரு கட்சி. ஆபீசர் நடுநடுவே கேள்வி மட்டும் கேட்டார். சரி, செஞ்சு பாத்துடுவோமா? செய்து பார்த்தார்கள். ஒருவன் உள்ளே படுத்தான், இன்னொருவன் சக்கரம் சுற்றினான். இரண்டாவது தடவையும் தாய்மாமன் குதித்தார். திட்டக் கூடாது என்று கயிற்றுக்காரி முன்பே சொல்லிவிட்டாள், அதனால் யாரும் திட்டவில்லை. அவரே ஏறி வந்து, "சே," என்று சொல்லிவிட்டு மறுபடியும் நின்றார். ஆள் மாற்றி, கயிறு மாற்றி, மறுநாளும் செய்தார்கள்.

அப்போதுதான் மருமகன் ஒன்றைக் கவனித்துச் சொன்னான். "மாமா சும்மா நின்னாத்தான் அண்ணி குதிக்கிறாரு. கையில வேலை இருந்தா நிக்கிறாரு."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ரெயில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்களைக் கூப்பிடும் மணி மாதிரி கம்பத்தில் தொங்கவிட்டார்கள். இனிமேல் சொந்தக்காரனுக்கு அதுதான் வேலை. உள்ளே ஆள் விழுந்தால், தொட்டி வாயிலிருந்து தள்ளி நின்று, சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் மேலே வரும்வரை அடியை நிறுத்தக் கூடாது. சக்கரமும் கயிறும் வேற்றாள் கையில். அடுத்த தடவை தாய்மாமன் கண்ணில் நீர் வழிய வழிய இரும்பை அடித்தார், குதிக்கவில்லை. மருமகன் மேலே வந்ததும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, "நின்னுட்டேன்," என்றார், தன்னாலேயே நம்ப முடியாதவர் மாதிரி.

மாமியார் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டிலும் பேச்சில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். மருமகளின் தாடையில் உதை விழுந்த இடம் நீலமாகிப் பச்சையானதை அவள் ஓரக்கண்ணால் பார்த்ததைக் கொழுந்தன் மட்டும் பார்த்தான்.

பெரிய தொட்டி கழுவும் நாள் வந்தது. ஆபீசர் கருவியை உள்ளே இறக்கிப் பார்த்தார், விசிறியை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார், மறுபடியும் பார்த்தார். கொழுந்தன் கயிறு மாட்டிய இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு நின்றான். வாசல் கேட்டுக்கு வெளியே புருஷனும் வந்து நின்றிருந்தான். யாரும் போட்டுவிடாத சட்டை, ஒரே ஒரு பொத்தான் மட்டும் கோணல். தாய்மாமன் சம்மட்டியைக் கையில் எடுத்தார்.

"சக்கரத்துக்கு யாரு?" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு, பார்க்காதவர் மாதிரி கயிற்றுக்காரி நின்ற பக்கம் பார்த்தார். "சொந்தக்காரங்க பிடிக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. இவனுக்கு அண்ணி சொந்தமா, இல்லையா?"

அந்த நேரத்தில் அலசுகிற கொட்டகையிலிருந்து மாமியார் நடந்து வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. நேராக வந்து, மருமகளின் முழங்கையைப் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவதுபோல் சக்கரத்தின் முன்னால் கொண்டு நிறுத்தினாள்.

"இவ பிடிக்கட்டும்," என்றாள் மேஸ்திரியிடம். "இவ நெஞ்சு கல்லு. எனக்கு அதுதான் வேணும்."

மருமகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை. திரும்பிப் போய்த் தாய்மாமன் கையிலிருந்த சம்மட்டியை வாங்கிக்கொண்டாள். "நீ தள்ளுடா. இவன் என் புள்ள, நான் அடிக்கிறேன்."

கயிற்றுக்காரி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். சக்கரத்தின் பிடியில் கையை வைத்தாள்.

"இறங்குங்க தம்பி," என்றாள். "பிடிச்சிருக்கேன்."